இரண்டு புள்ளிகளுக்கு நடுவே

2019 ஜனவரியில் பில் கேட்ஸ் ட்விட்டரில் ஒரு படத்தைப் பகிர்ந்தார். ஆறு சின்ன வரைபடங்கள். உலகத்தில் மொத்தமே நூறு பேர்தான் என்று வைத்துக்கொண்டால், கடந்த இருநூறு வருடங்களில் அந்த நூறு பேரின் வாழ்க்கை எப்படி மாறியது என்று காட்டுபவை. கடும் வறுமை, அடிப்படைக் கல்வி, எழுத்தறிவு, ஜனநாயகம், தடுப்பூசி, குழந்தை மரணம். முதல் வரைபடத்தில் 1820-இல் நூற்றுக்கு 94 பேர் கடும் வறுமையில் இருக்கிறார்கள். 2015-இல் 10 பேர். நடுவில் ஒரு கோடு, மலைச்சரிவு மாதிரி இறங்கி வருகிறது. வரைந்தது ஆக்ஸ்ஃபோர்டில் மேக்ஸ் ரோசர் நடத்தும் ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ தளம்.

அந்த மாதம் முடிவதற்குள் சண்டை மூண்டுவிட்டது. மானுடவியலாளர் ஜேசன் ஹிக்கெல் ‘தி கார்டியன்’ இதழில் இந்த முதல் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டார். வீடு வீடாகப் போய் எடுத்த வறுமைக் கணக்கெடுப்பு 1981-க்குப் பிறகுதான் உலக அளவில் இருக்கிறது, அதற்கு முந்தையது எல்லாம் பொருளாதார உற்பத்திக் கணக்கிலிருந்து ஊகித்தது என்றார். காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் நம்பி வாழ்ந்த மக்களிடமிருந்து அவற்றைப் பிடுங்கி, அவர்களைக் கூலி வேலைக்குத் தள்ளினால் அவர்கள் கையில் காசு வரும். வரைபடத்தில் அது முன்னேற்றமாகத் தெரியும். போனது என்ன என்பது கணக்கிலேயே வராது என்பது அவர் வாதம். ரோசரும் சக ஆய்வாளர்களும் விரிவாகப் பதில் எழுதினார்கள். பணமாக வராத வருமானத்தையும், சொந்த நிலத்தில் விளைவித்துச் சாப்பிட்டதையும் சேர்த்துத்தான் மதிப்பிடுகிறோம் என்றார்கள்.

தீர்ப்பைவிட அந்தக் கோட்டின் மேல்தான் எனக்கு அக்கறை. காரணம் இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் உலகத்தைப் பற்றி வாதாடும்போது கடைசியில் ஒருவர் வரைபடத்தை எடுத்து மேசை மேல் போடுகிறார். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ‘டேட்டா எங்கே?’ என்ற கேள்விக்கு அனுபவம் பதில் ஆகாது, பாட்டி சொன்னது பதில் ஆகாது, நாவல் பதில் ஆகவே ஆகாது. ஆனால் ஒரு நாவலை எடுத்தால் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! யார் சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார், யாருடைய குரல் இதில் இல்லை என்று துருவித் துருவிப் பார்க்கிறோம். வரைபடத்துக்கு மட்டும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. அதை நம்புகிறோம், இல்லாவிட்டால் ‘எல்லாம் பொய்க்கணக்கு’ என்று தள்ளிவிடுகிறோம். படிப்பதில்லை.

*

புள்ளிவிவரத்தைக் கதையாகச் சொல்ல முடியும் என்று நம் காலத்தில் நிரூபித்தவர் ஹான்ஸ் ரோஸ்லிங். ஸ்வீடன் நாட்டு மருத்துவர். 2005-இல் மகன் ஓலா, மருமகள் அன்னா இருவருடனும் சேர்ந்து ‘கேப்மைண்டர்’ அறக்கட்டளையைத் தொடங்கினார். 2006-இல் அவர் பேசிய டெட் உரையை இன்று பார்த்தாலும் அலுக்காது. ஒவ்வொரு நாடும் ஒரு குமிழி. மக்கள்தொகை பெரிதானால் குமிழி பெரிது. கண்டத்துக்கு ஒரு நிறம். வருடங்கள் ஓட ஓடக் குமிழிகள் நகர்கின்றன. ரோஸ்லிங் மேடையில் குதித்துக் குதித்து, கிரிக்கெட் வர்ணனையாளர் மாதிரி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார். அடுத்த வருடம் அதே மேடையில் பேச்சு முடிந்ததும் சட்டையைக் கழற்றி வாளை விழுங்கிக் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் பெரிய கலைஞர்.

2010-இல் பிபிசிக்காக அவர் செய்த நான்கு நிமிடக் காட்சிதான் என் கணக்கில் இந்தக் கலையின் உச்சம். இருநூறு நாடுகள், இருநூறு வருடங்கள். கிடைமட்ட அச்சில் வருமானம், நிமிர்ந்த அச்சில் ஆயுள். 1810-இல் எல்லா நாடுகளும் கீழே இடது மூலையில், ஏழ்மையும் நோயுமாக, கும்பலாகக் கிடக்கின்றன. தொழிற்புரட்சி வந்ததும் சில குமிழிகள் பிரிந்து மேலே ஏறுகின்றன. 1918-இல் எல்லாம் சட்டென்று கீழே விழுகின்றன, விஷக்காய்ச்சல். பிறகு காலனிகள் விடுதலை பெறுகின்றன, ஆசியா ஏறத் தொடங்குகிறது. உலகம் ‘அவர்கள்’, ‘நாம்’ என்று இரண்டாகக் கிடக்கவில்லை, பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள் என்று அவர் வாழ்நாளெல்லாம் சொன்னது அந்த நான்கு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஏழை நாடு என்றாலே எலும்பும் தோலுமான குழந்தையின் புகைப்படத்தைக் காட்டிப் பழகிய மேற்குலகத்துக்கு அது தேவையான அடி.

இனி அந்தக் காட்சியின் இலக்கணத்தைப் பார்ப்போம். வருமான அச்சில் 1,000 டாலரிலிருந்து 2,000 டாலருக்குப் போகும் தூரமும், 20,000-இலிருந்து 40,000-க்குப் போகும் தூரமும் ஒன்றே. மடங்கு அளவை. ஏழைக்கு ஆயிரம் ரூபாய் கூடுவதும் பணக்காரனுக்கு ஆயிரம் ரூபாய் கூடுவதும் ஒன்றல்ல, ஆகவே இந்த அளவை நியாயமானது என்று ரோஸ்லிங் தரப்பு சொல்லும். எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சாதாரண அளவுகோலில் வரைந்தால் பணக்கார நாடுகள் பக்கத்தைத் தாண்டி வெகுதூரத்தில் நிற்கும். மடங்கு அளவையில் எல்லோரும் ஒரே தெருக்காரர்கள் மாதிரி தெரிகிறார்கள். இரண்டும் பொய்யில்லை. ஒன்று முயற்சியைக் காட்டுகிறது, இன்னொன்று தூரத்தைக் காட்டுகிறது. எதைக் காட்டுவது என்பதைக் கதைசொல்லி முடிவு செய்திருக்கிறார்.

இன்னொன்று, குமிழி என்பது சராசரி. இந்தியா ஒரே குமிழி. கேரளத்தின் ஆயுளும் உத்தரப் பிரதேசத்தின் ஆயுளும் அதற்குள் கரைந்துவிடுகின்றன. ரோஸ்லிங்குக்கு இது நன்றாகத் தெரியும். அதே காட்சியின் கடைசியில் சீனாவின் குமிழியை அவரே உடைக்கிறார். ஷாங்காய் இத்தாலிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. குய்சோ மாகாணம் பாகிஸ்தானுக்குப் பக்கத்தில். அந்த மாகாணத்தின் கிராமங்களை மட்டும் பிரித்தால் அவை கானாவுக்குப் பக்கத்தில். மூன்று நிமிடங்களுக்கு மேல் குமிழிகளை நம்பச் சொல்லிவிட்டு, கடைசியில் குமிழிக்குள் என்ன இருக்கிறது பார் என்று திறந்து காட்டுகிறார். அந்தச் சில நொடிகளுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அவரைப் பின்பற்றியவர்கள் பலர் குமிழியை எடுத்துக்கொண்டார்கள், உடைத்ததை விட்டுவிட்டார்கள்.

*

1820-லிருந்து இறங்கி வரும் அந்த வறுமைக் கோட்டுக்குத் திரும்புவோம். அதன் பழைய பகுதி எங்கிருந்து வந்தது? பொருளாதார அறிஞர்கள் பிரான்சுவா பூர்கிஞோனும் கிறிஸ்டியான் மோரிசனும் 2002-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து. உலகத்தை 33 நாட்டுத் தொகுதிகளாகப் பிரித்து, ஆங்கஸ் மேடிசன் தொகுத்த பழைய உற்பத்திக் கணக்கை வைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் வருமானம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அசுர உழைப்பு. ஆனால் அவர்கள் மதிப்பிட்டது எல்லா வருடங்களுக்கும் அல்ல. 1820, 1850, 1870, 1890, 1910, 1929, 1950 என்று அங்கங்கே சில வருடங்களுக்கு மட்டும். அவைதான் புள்ளிகள். நடுவில் ஓடுவது நேர்கோடு. வரைந்தவர் இணைத்தது.

இப்போது அந்தப் புள்ளிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1870-க்கும் 1890-க்கும் நடுவே, 1876-லிருந்து 1878 வரை, நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறார்களே, அது இருக்கிறது. தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. 1910-க்கும் 1929-க்கும் நடுவே முதல் உலகப் போரும் 1918-இன் விஷக்காய்ச்சலும். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மரணம். 1929-க்கும் 1950-க்கும் நடுவே பெருமந்தமும், இரண்டாம் உலகப் போரும், 1943-இன் வங்காளப் பஞ்சமும். இத்தனையும் அந்தக் கோட்டுக்குள் இருக்கின்றன. ஆனால் கோட்டில் ஒரு நடுக்கம்கூட இல்லை. வழவழவென்று இறங்கிக்கொண்டிருக்கிறது.

வரைந்தவர்கள் பஞ்சத்தை மறைத்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அந்த வருடங்களுக்கு அவர்களிடம் எண் இல்லை. ஆனால் எண் இல்லாத இடத்தில் கோடு மௌனமாக இருக்காது. ‘இந்த இருபது வருடமும் நிதானமாக முன்னேற்றம் நடந்தது’ என்று அது ஒரு வாக்கியம் பேசிவிடுகிறது. தாது வருஷத்தில் என்ன நடந்தது என்பதற்கு சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ இருக்கிறது. பஞ்சத்தைப் பற்றி எழுதப்பட்ட நையாண்டி நூல் அது. அந்த வாக்கியத்தை மறுக்கும் சாட்சி. வரைபடத்தில் அதற்கு அச்சு கிடையாது.

அதே பஞ்சத்தில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 1877-இல் வைஸ்ராயின் பிரதிநிதியாக மதராஸ் வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று நிர்ணயித்தார். அரைக் கிலோகூட இல்லை. ஒரு மனிதன் உயிரோடு இருக்க எவ்வளவு போதும் என்று வேறொருவர் முடிவு செய்து, அதை எண்ணாக எழுதி, அரசாங்க ஆணையாக்குவது. அதுவும் ஒரு வறுமைக்கோடுதான். அதை எதிர்த்தவர் மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று மருத்துவராக வாதாடினார். முகாம்களின் மரணக் கணக்கும் அவர் பக்கம் பேசியது. அந்த வருடமே அளவு உயர்த்தப்பட்டது. எண்ணுக்கு எதிராக எண்ணைத்தான் வைத்தார்கள். இந்த விஷயத்தில் ‘எண்களே வேண்டாம், மனிதக் கதை போதும்’ என்கிறவர்களோடு என்னால் போக முடியவில்லை.

நம் காலத்து வறுமைக்கோட்டின் கதையும் அப்படித்தான். உலக வங்கியின் கோடு 1990-இல் நாளொன்றுக்கு ஒரு டாலர் என்று தொடங்கியது. 2015-இல் 1.90 டாலர். 2022-இல் 2.15. 2025 ஜூனில் 3 டாலர். சந்தையில் மாற்றும் டாலர் இல்லை இது, அமெரிக்காவில் அந்தக் காசுக்கு என்ன வாங்க முடியுமோ அதே அளவு உள்ளூரில் வாங்கும் திறன். கடைசி மாற்றத்தில் ஒரே நாளில் உலகத்தின் கடும் ஏழைகள் சுமார் 12.5 கோடிப் பேர் கூடினார்கள். முந்தின ராத்திரி ஏழையாக இல்லாதவர் விடிந்ததும் ஏழை. அவர் வீட்டு அடுப்பில் எதுவும் மாறவில்லை. விலைவாசியை மறுபடி அளந்ததும், ஏழை நாடுகள் தங்கள் கோட்டைத் தாங்களே உயர்த்தியதும் காரணம் என்று வங்கி விளக்குகிறது. விளக்கம் நியாயமானதுதான். ஆனால் ‘வறுமை இவ்வளவு குறைந்தது’ என்று யாராவது சொன்னால், ‘எந்தக் கோட்டின்படி?’ என்று கேட்பது குதர்க்கம் ஆகாது.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘அப்போ முன்னேற்றம் என்பதே கட்டுக்கதையா?’ என்று கேட்டால், இல்லை. கேட்ஸ் பகிர்ந்த அதே ஆறில் குழந்தை மரண வரைபடம் இருக்கிறதே, அதை நான் வேறு மாதிரி படிக்கிறேன். இருநூறு வருடங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு நாற்பது ஐந்து வயதைத் தாண்டவில்லை. இன்று நாலுக்கும் கீழே. செத்த குழந்தை செத்த குழந்தைதான். அதை எந்த டாலரில் மாற்றுவது என்ற பிரச்சினை கிடையாது. பழைய எண்களில் அங்கேயும் மதிப்பீடு உண்டு, ஆனால் அளக்கப்படும் பொருள் மாறுவதில்லை. ஒரே பக்கத்தில் ஆறு வரைபடங்கள், ஒரே வடிவம். ஆனால் ஆறும் ஒரே உறுதி உள்ளவை அல்ல. வடிவமைப்பு அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டது. இந்த அழகின் மேல் என் முதல் புகார் இதுதான்.

*

இங்கே ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். ஹிக்கெலால் எப்படி அந்த வரைபடத்தை எதிர்க்க முடிந்தது? கோடு எங்கே ஒட்டுப்போடப்பட்டது என்று எப்படித் தெரிந்தது? அந்தத் தளமே சொன்னது. ஒவ்வொரு வரைபடத்துக்கும் கீழே மூலம் இருக்கிறது. எண்களைத் தரவிறக்கிக்கொள்ளலாம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எடுத்துத் திருப்பி அடிக்கலாம். பிற்பாடு அந்தத் தளம் மிகாலிஸ் மொவாட்சோஸ் என்ற ஆய்வாளர் வேறு முறையில் கணக்கிட்ட புதிய மதிப்பீட்டைப் பயன்படுத்தியது. டாலர் கோட்டுக்குப் பதில், அந்தந்த ஊரில் அந்தந்தக் காலத்தில் குறைந்தபட்ச உணவுக்கும் உறைவிடத்துக்கும் என்ன செலவாகும் என்ற கணக்கு. அதன்படி 1820-இல் கடும் வறுமையில் இருந்தவர்கள் சுமார் முக்கால்வாசிப் பேர். 94 இப்போது 76 பக்கம் வந்துவிட்டது. கடந்த காலம் திருத்தப்பட்டிருக்கிறது!

திறந்த தரவு என்ற சொல்லுக்கு இதைத்தான் அர்த்தமாக எடுத்துக்கொள்கிறேன். பொதுமக்கள் பணத்தில் சேகரித்த எண்கள் கட்டணத்துக்கும் கடவுச்சொல்லுக்கும் பின்னால் பூட்டிக் கிடக்கின்றன என்று 2006 உரையிலேயே ரோஸ்லிங் குறைப்பட்டார். 2010 ஏப்ரலில் உலக வங்கி தன் தரவுக் கிடங்கை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. வண்ணக் குமிழிகளைவிட அது பெரிய சாதனை. குமிழியைப் பார்த்து வியக்கலாம். கிடங்கு திறந்திருந்தால் வாதாடலாம்.

திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாடே உதாரணம். 2017-18-இல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை, தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் மத்திய அரசு கைவிட்டது. 2011-12-க்குப் பிறகு 2022-23 வரை வெளிவந்த கணக்கெடுப்பு எதுவும் இல்லை. நோட்டுச் செல்லாமை, ஜிஎஸ்டி, பெருந்தொற்று மூன்றும் அந்த இடைவெளியில்தான் நடந்தன. உலக வரைபடத்தில் இந்தியா இல்லாமல் வறுமைக் கோடு வரைய முடியாது, ஆகவே ஆய்வாளர்கள் வேறு வேறு எண்களை வைத்து இட்டு நிரப்பினார்கள். ஒருவர் கணக்கில் வறுமை கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது, இன்னொருவர் கணக்கில் இல்லை. மறுபடியும் இரண்டு புள்ளிகள், நடுவே ஒரு கோடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண் இல்லாதது வரலாற்றின் இயலாமை. இது முடிவெடுத்துச் செய்தது.

*

கொரோனா காலத்தில் உலகமே தினமும் வரைபடம் படித்தது. காலையில் எழுந்ததும் கோடு ஏறியதா இறங்கியதா என்று பார்த்தோம். ஆனால் அந்தக் கோடு காட்டியது மரணங்களை அல்ல, கொரோனா என்று எழுதப்பட்ட மரணங்களை. பரிசோதனை நடந்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரி போயிருக்க வேண்டும், படிவத்தில் அந்தக் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வாசல்களைத் தாண்டிய மரணம்தான் கோட்டில் சேரும்.

2021 மே மாதம் குஜராத்தில் ‘திவ்ய பாஸ்கர்’ நாளிதழ் எளிமையான ஒரு வேலை செய்தது. மார்ச் 1 முதல் மே 10 வரை எத்தனை இறப்புச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது என்று எண்ணியது. முந்தைய வருடம் அதே நாட்களில் சுமார் 58 ஆயிரம். அந்த வருடம் சுமார் 1 லட்சத்து 23 ஆயிரம். மாநில அரசு காட்டிய கொரோனா மரணங்கள் நாலாயிரத்துச் சொச்சம். காரணத்தைக் கேட்காமல் தலையை மட்டும் எண்ணுகிற இந்த முறைக்கு உபரி மரணக் கணக்கு என்று பெயர். இதே வேலையை உலக அளவில் ஏரியல் கார்லின்ஸ்கி, திமித்ரி கோபக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்தார்கள். நாடு நாடாக அலுவலகங்களின் தளங்களைத் துழாவி, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் மரணப் பதிவைத் திரட்டி இணையத்தில் திறந்து வைத்தார்கள்.

2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் தன் மதிப்பீட்டை வெளியிட்டது. 2020, 2021 இரண்டு வருடங்களில் உலகத்தில் உபரி மரணம் 1 கோடியே 49 லட்சம். அரசுகள் சொன்னது 54 லட்சம். இந்தியாவுக்கு மதிப்பீடு 47 லட்சம், அரசுக் கணக்கு 4.8 லட்சம். கணக்கிட்ட முறையை இந்திய அரசு ஆட்சேபித்தது. முழு நாட்டுக்கும் மாதாந்திர மரணப் பதிவு சரியான நேரத்தில் கிடைத்திருந்தால் ஊகத்துக்கே இடம் இருந்திருக்காது. மாதிரிக் கணக்கை எதிர்ப்பவர்தான் நிஜக் கணக்கைத் தர வேண்டியவர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நாற்பது லட்சத்துக்கு மேல் ஆட்கள். செத்துப்போனவர்கள், ஆனால் எதனால் என்று நாட்டின் ஏடு சொல்லாதவர்கள்.

*

ரோஸ்லிங் குமிழிக்காரர் ஆவதற்கு வெகுகாலம் முன்பு, 1979-லிருந்து 1981 வரை, மொசாம்பிக்கின் நகாலா மாவட்டத்தில் மருத்துவராக இருந்தார். சுமார் மூன்று லட்சம் பேருக்கு அவர்தான் மருத்துவர். பார்க்க வந்த மருத்துவ நண்பர் ஒருவர், வயிற்றுப்போக்கில் உயிருக்குப் போராடும் குழந்தைக்கு ரோஸ்லிங் நரம்பில் மருந்து ஏற்றாமல் குழாய் வழியாக உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுப்பதைப் பார்த்துக் கொதித்துப்போகிறார். கண் முன்னால் இருக்கும் குழந்தைக்கு முடிந்ததை எல்லாம் செய்ய வேண்டாமா என்று சண்டை. ரோஸ்லிங் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். அந்த வருடம் ஆஸ்பத்திரியில் இறந்த குழந்தைகள் எத்தனை, மாவட்டத்தில் ஆஸ்பத்திரி வாசலையே பார்க்காமல் இறந்தவர்கள் எத்தனை என்று. வெளியே செத்தவர்கள் பல மடங்கு. அவர்களைக் காப்பாற்ற நேரமும் பணமும் ஊர்களுக்குப் போக வேண்டும் என்பது அவர் முடிவு. அவர் இறந்த மறு வருடம், 2018-இல் வந்த ‘ஃபேக்ட்ஃபுல்னெஸ்’ நூலில் இதைச் சொல்கிறார். படிக்கக் கஷ்டமான பக்கங்கள். அவர் செய்தது சரியா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண் எதற்காகப் போடப்பட்டது என்பது தெளிவு. கண்ணுக்குத் தெரியாத குழந்தையைக் கண்ணுக்குக் கொண்டுவர.

1981-இல் அதே பகுதியில் வறட்சி. கசப்பு மரவள்ளிக்கிழங்கைச் சரியாகப் பதப்படுத்த நேரமில்லாமல் தின்ற மக்களுக்குக் கால்கள் முடங்கின. ஆயிரம் பேருக்கு மேல், அதிகமும் பெண்களும் குழந்தைகளும். ரோஸ்லிங்கும் குழுவினரும் ஊர் ஊராகப் போய் எண்ணினார்கள். கோன்ஸோ என்ற நோயை மருத்துவ உலகம் சரியாகப் புரிந்துகொள்ள அந்தக் கணக்கு உதவியது. இந்த ரோஸ்லிங்கை யாரும் பகிர்வதில்லை. இங்கே அசையும் குமிழி இல்லை, நோட்டுப் புத்தகமும் புழுதியும்தான். என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த வரைபடம் இதுதான்.

உலகப் படத்தில் நாடுகளுக்கு வண்ணம் தீட்டும்போது எண் இல்லாத நாட்டைச் சாம்பல் நிறத்திலோ கோடு கோடாகவோ விட்டுவிடுவார்கள். ஓரத்தில் ‘தரவு இல்லை’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். வறுமைப் படத்தில் வட கொரியா அப்படி இருக்கும், எரித்ரியா அப்படி இருக்கும். நம் கண் முதலில் கடும் சிவப்புக்குப் போகும், பிறகு நீலத்துக்கு, சாம்பலைத் தாண்டிவிடும். நான் இப்போதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். பிறகு கீழே இருக்கும் மூலத்தை அழுத்துகிறேன், எண்களைத் தரவிறக்குகிறேன், எந்த வருடத்துக்கு எண் இருக்கிறது, எந்த வருடத்துக்குக் கட்டம் காலி என்று பார்க்கிறேன். பத்து நிமிட வேலை, ஒரு சிறுகதை படிக்கும் நேரம். நீங்களும் செய்து பாருங்கள். 1876-க்கு நேரே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.